டர்பனில் 6 மாதத்தில், லண்டனில் 1 வயதில்: தட்டம்மை ஊசி ஏன் இப்படி?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் மகனுக்கு 6 மாதத்திலேயே தட்டம்மை ஊசி போட்டார்கள். லண்டனில் இருக்கும் அக்கா குழந்தைக்கு 1 வயதில்தான். எது சரி?

இரண்டும் சரிதான். நோய் ஒன்றுதான், ஆனால் அது சுற்றும் விதம் ஊருக்கு ஊர் வேறு.

தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குழந்தையின் இரத்தத்தில் சில மாதங்கள் இருக்கும். அது இருக்கும்போது ஊசி போட்டால் மருந்து முழுதாக வேலை செய்யாது. அது தீரும்வரை காத்திருந்தாலோ, நடுவில் தட்டம்மை தொற்றிவிடலாம். நோய் அரிதான நாட்டில் 1 வயதுவரை பொறுக்கலாம். தென்னாப்பிரிக்காவில் 2009 முதல் 2011 வரை பெரிய அளவில் தட்டம்மை பரவி, கைக்குழந்தைகளைக் கடுமையாகப் பாதித்தது. எச்ஐவி உள்ள தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளிடம் அந்த எதிர்ப்பொருள் இன்னும் சீக்கிரம் குறைந்துவிடும். அதனால்தான் முன்பு 9, 18 மாதங்களில் போட்டதை 6, 12 மாதங்களுக்கு மாற்றினார்கள். முதல் ஊசி கொஞ்சம் பலம் குறைந்ததுதான். இரண்டாவதைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள்.

காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியும் அப்படித்தான். இங்கே காசநோய் அதிகம் என்பதால் பிறந்ததுமே வலது கையில் போடுகிறார்கள். பிரிட்டன் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் போடுவதை 2005-இல் நிறுத்திவிட்டது.

அட்டவணை மாறினால், பழையது தப்பு என்று பயப்பட வேண்டாம். குடும்பம் நாடு மாறினால் மட்டும், கிளினிக்கில் தந்த, போட்ட ஊசிகளைக் குறித்துவைக்கும் ‘ரோடு டு ஹெல்த்’ புத்தகத்தை மறக்காமல் கையோடு கொண்டுபோங்கள். விட்டுப்போன ஊசி எது என்று அங்குள்ள நர்ஸ் அதைப் பார்த்துத்தான் சொல்வார்.