இம்ப்ளாண்ட் பல்லைச் சுற்றி ரத்தம் வருகிறது, மாத்திரை போட்டால் போதுமா?

போதாது. வலி இல்லை, பல் தேய்க்கும்போது மட்டும் ரத்தம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வலி இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். இம்ப்ளாண்ட் என்பது பல் வேருக்குப் பதிலாக எலும்பில் பதிக்கும் டைட்டானியத் திருகு. என் அம்மாவின் கடைவாய் இம்ப்ளாண்டைச் சுற்றி எலும்பு கரைந்தபோது அவருக்கும் வலி இல்லை. பிரஷ்ஷில் ரத்தம், வாயில் ஒரு கெட்ட வாடை, அவ்வளவுதான்.

ஈறு மட்டும் வீங்கியிருந்தால் அது பெரி இம்ப்ளாண்ட் மியூக்கோசைட்டிஸ். ஒழுங்காகச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். எலும்பும் கரையத் தொடங்கினால் பெரி இம்ப்ளாண்டைட்டிஸ். சொந்தப் பல்லில் ஈறின் நார்கள் வேருக்குள் பதிந்து இறுகப் பிடித்திருக்கும். டைட்டானியத்தில் அப்படிப் பதியாது, பக்கவாட்டில் ஒட்டியபடி நிற்கும். அதனால் அழற்சி எலும்புவரை இறங்குவது இங்கே சுலபம்.

எந்தக் கட்டம் என்பதைக் கண்ணாடியில் பார்த்துச் சொல்ல முடியாது. புரோப் என்ற மெல்லிய அளவுக் கருவியை ஈறுக்கும் இம்ப்ளாண்டுக்கும் இடையே வைத்து ஆழம் அளந்து, எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இம்ப்ளாண்டின் மேல் கேப் (செயற்கைப் பல்) போட்ட சமயத்து எக்ஸ்ரே இருந்தால் கட்டாயம் கொண்டுபோங்கள். பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் எலும்பு எவ்வளவு இறங்கியது என்று தெரியும். அது இல்லாதவர்களுக்கு ஈறு நோய் நிபுணர்களின் 2017 உலக மாநாட்டில் ஓர் அளவு வகுத்தார்கள்: புரோப் வைத்தால் ரத்தமோ சீழோ வந்து, ஆழம் 6 மி.மீ. அல்லது அதற்கு மேலும், எலும்பு இழப்பு 3 மி.மீ. அல்லது அதற்கு மேலும் இருந்தால் பெரி இம்ப்ளாண்டைட்டிஸ்.

அப்புறம் மாத்திரை. கிருமிகள் இம்ப்ளாண்டின் மரைகளில் படலமாக ஒட்டிக் கிடக்கின்றன. மெடிக்கலில் வாங்கும் ஆன்டிபயாடிக் வீக்கத்தைக் கொஞ்ச நாள் குறைக்கலாம், படலத்தை அகற்றாது. அதைக் கருவியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அம்மாவுக்கு முதலில் கொடுத்ததும் மாத்திரைதான். வேறொரு டாக்டர் ஈறைத் திறந்து பார்த்தபோது, கேப் ஒட்டிய சிமென்ட் உள்ளே மிச்சம் இருந்தது. அதை எடுத்துச் சுத்தம் செய்த பிறகுதான் ரத்தம் நின்றது. உங்கள் கேப் சிமென்ட்டால் ஒட்டியதா, ஸ்க்ரூ போட்டதா என்று கேளுங்கள். முன்பு ஈறு நோயால் பல் இழந்திருந்தால், சர்க்கரை, புகைப்பழக்கம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே போய்விடுங்கள். பல் ஆடினால் பயந்துவிடவும் வேண்டாம், கேப்பைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ மட்டும் தளர்ந்திருக்கலாம். ஆனால் கையால் ஆட்டிப் பார்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.