புண்ணாக்கைக் கூட்டியும் பால் ஏன் கூடவில்லை?

வத்தளையில் மூன்று மாடு வைத்திருக்கிறீர்கள், தேங்காய்ப் புண்ணாக்கைக் கூட்டியும் பால் அப்படியே, கொட்டிலில் மூக்கை எரிக்கிற நாற்றம் வேறு என்று கேட்டிருந்தீர்கள். அந்த நாற்றம் பெரும்பாலும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புரதம்தான். புரதத்தில் சுமார் 16 வீதம் நைதரசன். மாடு தின்னும் நைதரசனில் ஏறக்குறைய கால்வாசிதான் பாலுக்குப் போகும், மிச்சம் சாணத்திலும் சலத்திலும் வெளியேறி, சலத்தில் உள்ள யூரியா சாணத்தோடு சேர்ந்ததும் அமோனியாவாகிவிடும், நிலத்துக்குள் இறங்கினால் கிணற்றுத் தண்ணீருக்கும் கேடு.

வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் புரதத்தைப் பயன்படுத்த மாச்சத்தும் வேண்டும். அதனால் புண்ணாக்கைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் இடித்த சோளம் கொடுங்கள். தவிட்டை மட்டும் நம்பாதீர்கள், அதில் பொசுபரசு அதிகம், கல்சியம் மிகக் குறைவு, தாதுக் கலவை கட்டாயம் வேண்டும். சரி, புல்? 350 கிலோ மாட்டுக்கு நாளுக்கு 35 கிலோ பச்சைப்புல் வேண்டும், கொழும்புப் பக்கத்தில் அதுதான் பெரிய கஷ்டம். வேலியில் கிளிரிசிடியா மரம் நட்டால் அதன் இலையிலேயே நல்ல புரதம் கிடைக்கும், ஆனால் அப்போது புண்ணாக்கை இன்னும் குறைக்க வேண்டும்.

எதையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், பத்து நாளாவது எடுத்து மெதுவாக மாற்றுங்கள், தினமும் ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனியாக அளந்து எழுதி வையுங்கள்.