மரப்பட்டை நிறத்துப் பூச்சியும் மூவாயிரம் ரூபாய்ப் புகையும்

கேள்வி: எங்கள் வீடு கோட்டூர்புரத்தில், ஆற்றோரம். மாடிப்படி விளக்கருகே காய்ந்த இலை நிறத்தில் பெரிய பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பட்டுப்புடவையை அரித்துவிடும், புகை போட மூவாயிரம் ஆகும் என்கிறார் பெஸ்ட் கன்ட்ரோல்காரர். போடலாமா?

பதில்: வேண்டாம். புடவையை அரிப்பது வேறு அந்துப்பூச்சி. அது அரிசி நீளம்தான் இருக்கும். விளக்கைத் தேடி வராது, பீரோ இருட்டில் கிடக்கும். அரிப்பதும் அதன் புழுதான்.

உங்கள் பூச்சி உட்கார்ந்திருக்கும்போது எடுத்த படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அந்த நிறத்தில் முன்சிறகு உள்ளவை ஏராளம். போன் ஆப் சொல்லும் பெயரையும் நம்பாதீர்கள். கண்ணாடி டம்ளரால் மூடி, அடியில் அட்டையைச் செருகுங்கள். அது படபடக்கும்போது வீடியோ எடுத்து நிறுத்திப் பாருங்கள். விரலால் பிடித்தால் செதில் உதிர்ந்து அடையாளமே போய்விடும். பின்சிறகு கறுப்பாக, நடுவே வெள்ளைப் பட்டை, விளிம்பில் மூன்று வெள்ளைப் புள்ளி, விரித்தால் 6-7 செ.மீ. என்றிருந்தால், அது ஆமணக்குக் காவடிப்புழுவின் அந்து, அறிவியல் பெயர் அக்கேயா ஜனாடா.

ஆற்றங்கரையில் தானாக முளைத்த ஆமணக்குதான் அதன் பிறந்தவீடு. இலையில் நீலப்பச்சை முட்டை. சில நாளில் புழு. முதுகைக் காவடிபோல் வளைத்து நடக்கும், உடம்பில் சுணை கிடையாது. இரண்டு மூன்று வாரம் இலையைத் தின்றுவிட்டு, சருகிலோ மண்ணிலோ கூட்டுப்புழுவாகிப் பத்துப் பதினைந்து நாளில் வெளியே வரும்.

இந்த அந்துக்காகக் கவலைப்பட வேண்டியவர்கள், மாடியில் மாதுளை, கொய்யா வைத்திருப்பவர்கள் மட்டும்தான். அந்துக்குக் கடிக்கப் பல் இல்லை. ஆனால் உறிஞ்சுகுழல் பழத்தோலைத் துளைக்கும். இரவில் ஊசி குத்திய அளவு துளை, பிறகு அதைச் சுற்றி அழுகல், கடைசியில் பழம் உதிரும். நிறம் மாறுவதற்கு முன்பே ஒவ்வொரு காய்க்கும் துணிப்பை கட்டிவிடுங்கள். பை தோலோடு ஒட்டிக்கிடந்தால் துணிக்கு மேலிருந்தே குத்தும், தளர்வாகக் கட்டுங்கள். உதிர்ந்ததை அன்றன்றே அப்புறப்படுத்துங்கள். அழுகல் வாசனைக்கு இன்னும் நாலு வரும்.

புகை மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவைத் தொடாது. இரண்டு வாரத்தில் புதிய அந்து வரும், ‘செகண்ட் சர்வீஸ்’ என்று அவரும் வருவார், பிறகு வருட கான்ட்ராக்ட். பூச்சிமருந்துச் சட்டம் 1968-லேயே வந்தாயிற்று. இன்னும் லேபிள் இல்லாத வெள்ளை கேனோடு வீடு வீடாக ஏறுகிறார்கள், கேட்க நாதியில்லை. கேனில் என்ன மருந்து என்று சொல்லத் தெரியாதவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மாடிப்படி வெள்ளை விளக்கை மஞ்சள் எல்.இ.டி.க்கு மாற்றினால் வரத்து குறையும். செலவு ஒரு பல்பு.