கூலன்ட் சென்சாரின் கப்ளர் உடைந்துவிட்டது, சென்சாரையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். கப்ளர் என்பது எஞ்சின் கூலன்டின் சூட்டை அளக்கும் சென்சாரில் சொருகும் பிளாஸ்டிக் கனெக்டர்தான். அதன் லாக் உடைந்ததற்காக நல்ல சென்சாரைத் தூக்கிப் போடாதீர்கள். சிறிது ஒயரோடு சேர்ந்த கப்ளர் தனியாகவே கிடைக்கும். சென்னை என்றால் புதுப்பேட்டையில் தேடிப் பாருங்கள்.

எனக்கும் இதே தொல்லை வந்தது. கழற்றும்போது லாக் பிஸ்கட் மாதிரி நொறுங்கி விரலோடு வந்துவிட்டது. எஞ்சின் சூட்டில் வருடக்கணக்கில் வெந்த பிளாஸ்டிக் அப்படித்தான் ஆகும். கேபிள் டை போட்டு இறுக்கி ஓட்டினேன். பத்து நாளில், காலையில் ஸ்டார்ட் செய்த உடனே ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் இரைந்தது. ஸ்கேனரில் பி0118, அதாவது கூலன்ட் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்ற எரர் கோட்.

சென்சாருக்குள் இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் தெர்மிஸ்டர். தொடர்பு விட்டுப்போனால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியு அதை மைனஸ் 40 டிகிரி குளிர் என்று படிக்கும். அது நடக்காத கணக்கு என்பதால், பாதுகாப்புக்காக ஃபேனை ஓட விடும். மல்டிமீட்டர் வைத்தேன். குளிர்ந்த எஞ்சினில் சென்சார் சுமார் 1,800 ஓம் காட்டியது. சென்சார் நன்றாகவே இருந்தது.

கோளாறு கப்ளருக்குள் இருந்த பின்னில். டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு பின்னின் வாய் விரிந்து கிடந்தது. அதே தடிமனுள்ள ஆண் பின்னைச் சொருகி இழுத்தால் கொஞ்சமாவது பிடிக்க வேண்டும். எனக்குப் பிடிப்பே இல்லை. லாக்கை மட்டும் ஒட்டியிருந்தால் வேலை வீண்தான்.

அப்புறம் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஒயராக வெட்டி இணைத்தேன். இரண்டு இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் மேலும் கீழுமாக வெட்டுங்கள். செம்பு பச்சை பூத்திருந்தால், பளபளப்பு வரும்வரை பின்னால் வெட்டிக்கொண்டே போங்கள். முறுக்கி டேப் சுற்றுவது வேண்டவே வேண்டாம். சால்டரும் இங்கே எனக்குப் பிடிக்காது. ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயர் விறைத்துவிடும், எஞ்சின் அதிர்வில் அந்த விளிம்பிலேயே முறியும். சரியான கிரிம்பிங் பிளையரில் இணைப்பை அழுத்தி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை மேலே போட்டு சூடு காட்டிச் சுருக்குங்கள். ஓரத்தில் பசை பிதுங்கி வந்தால்தான் தண்ணீர் புகாது.

முடிந்ததும் ஸ்கேனரில் அந்த எரர் கோட்-ஐ அழித்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டு, ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல் ஒயரை லேசாக அசைத்துப் பாருங்கள். ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலை குதிக்காமல் நின்றால் பானட்டை மூடலாம்.