கார்டு போட்டாச்சு, வேலை நகரலையே? – வாசகர் கேள்வி பதில்

ஆன்லைனில் குழுவாக வேலை பார்க்க உதவும் மென்பொருள்கள் குறித்து வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

ஆம்பூரில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறோம். ஆர்டர், போட்டோ, திருத்தம் எல்லாம் 34 பேர் இருக்கும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில்தான் ஓடுகிறது. வேலைகளைக் கார்டுகளாக எழுதி, ஒரு பலகையில் லிஸ்ட் லிஸ்ட்டாக நகர்த்தும் ட்ரெல்லோ மென்பொருளை ஆரம்பித்து, ஆளுக்கு ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுத்தோம். இப்போது யாரும் திறப்பதே இல்லை. எங்கே தப்பு?

ஆளுக்கு ஒரு லிஸ்ட் போட்டதில்தான். லிஸ்ட் என்பது வேலை கடந்துபோகும் கட்டம். ஆள் பெயரில் லிஸ்ட் இருந்தால் சரக்கு எங்கே நிற்கிறது என்று பலகையைப் பார்த்துத் தெரியாது. யார் தலையில் எவ்வளவு விழுந்திருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். அதைப் பார்க்க எவருக்கும் ஆசை இருக்காது.

இடமிருந்து வலமாக இப்படி மாற்றுங்கள்: லெதர் வரவேண்டியது, கட்டிங், ஸ்கைவிங் (தோலின் ஓரத்தை மெலிதாக்குவது), ஸ்டிச்சிங், செக்கிங், அனுப்பியாச்சு. இதற்கு மேல் கட்டங்களைப் பிரிக்க வேண்டாம். கார்டின் தலைப்பைத் திறக்காமலே படித்துப் புரிந்துகொள்ள முடிய வேண்டும். உதாரணமாக, 'பிஓ 4471 / கறுப்பு டெர்பி / 200 ஜோடி / ஷிப்மென்ட் 18'. பிஓ என்பது பர்ச்சேஸ் ஆர்டர் எண், டெர்பி ஷூ மாடல், 18 ஷிப்மென்ட் தேதி.

600 ஜோடி ஆர்டருக்கு ஏன் 200 என்று கேட்கலாம். ஒரு கார்டு ஒரு நேரத்தில் ஒரு லிஸ்ட்டில்தான் இருக்க முடியும். 600 ஜோடியில் பாதி ஸ்டிச்சிங்கிலும் மீதி கட்டிங்கிலும் இருந்தால் அந்தக் கார்டை எங்கே வைப்பீர்கள்? சூப்பர்வைசர் நகர்த்தாமல் விட்டுவிடுவார். அன்றோடு பலகை பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். ஆகவே 200 ஜோடி ஒரு லாட் என்று, லாட் வாரியாக மூன்று கார்டு போடுங்கள்.

கார்டில் மெம்பராக ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். இரண்டு பெயர் இருந்தால், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இரண்டு பேருமே விட்டுவிடுவார்கள். ட்யூ டேட் என்ற இடத்தில் ஷிப்மென்ட் தேதியைப் போடாதீர்கள். அதுதான் தலைப்பிலேயே இருக்கிறதே. இந்தக் கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு லாட்டை ஒப்படைக்க வேண்டிய தேதியை அங்கே போடுங்கள். இல்லையென்றால் கட்டிங்கில் நாலு நாள் தாமதமானாலும் கார்டில் தேதி சிவப்பாகாது. சிவப்பாகும்போது லாரி வாசலில் நிற்கும்.

கார்டு நகரும்போது பெயரையும் தேதியையும் கையால் மாற்றச் சொன்னால் ஒரு வாரம்தான் செய்வார்கள். அதை ஆட்டோமேஷனுக்கு விடுங்கள். பலகையின் மெனுவில் ஆட்டோமேஷன், அதில் ரூல்ஸ், அதில் புதிய ரூல். 'ஸ்டிச்சிங் லிஸ்ட்டுக்குக் கார்டு வந்தால், இருக்கும் மெம்பர்களை எடுத்துவிட்டு ஸ்டிச்சிங் சூப்பர்வைசரைச் சேர், ட்யூ டேட்டை 3 நாள் தள்ளிப் போடு' என்று அமைக்கலாம். இலவசத் திட்டத்தில் இந்த ஆட்டோமேஷன் மாதத்துக்கு 250 முறைதான் ஓடும். மாதம் 60 கார்டு, ஒவ்வொன்றும் 5 முறை நகர்ந்தால் 300 ஆகிவிடும், கடைசி வாரத்தில் நின்றுபோகும். ஸ்டிச்சிங், செக்கிங் இரண்டுக்கு மட்டும் ரூல் வைத்தால் 120. அது போதும்.

கட்டிங் வேகமாக ஓடி ஸ்டிச்சிங் முன்னால் சரக்கு குவிந்தால் லாட்டுகள் கலந்துபோகும். ஒரே ஜோடியில் இடது ஒரு ஷேடு, வலது ஒரு ஷேடு என்று வரும். அதைத் தடுக்க 'லிஸ்ட் லிமிட்ஸ்' என்ற பவர்-அப்பை (ட்ரெல்லோவில் கூடுதலாகச் சேர்க்கும் வசதி) சேர்த்து, ஸ்டிச்சிங்குக்கு 4 என்று வையுங்கள். ஐந்தாவது கார்டு வந்தால் லிஸ்ட்டின் நிறம் மாறும், ஆனால் கார்டு உள்ளே வருவதை அது தடுக்காது. நிறம் மாறினால் கட்டிங் டேபிளிலிருந்து இரண்டு பேரை அடுத்த வேலைக்கு அனுப்ப வேண்டியது உங்கள் பொறுப்பு.

வாட்ஸ்அப் குரூப்பை மூட வேண்டாம், மூடினாலும் இன்னொன்று முளைக்கும். ஒரே ஒரு கட்டுப்பாடு போதும்: திருத்தமும் போட்டோவும் கார்டில், குரூப்பில் அந்தக் கார்டின் லிங்க் மட்டும். கார்டைத் திறந்து ஷேர் என்பதில் லிங்க்கை காப்பி செய்யலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிப்போகும், தோலின் கிரெய்னையும் ஷேடையும் அதை வைத்து ஓகே செய்வது ஆபத்து. ட்ரெல்லோ இலவசத் திட்டத்தில் ஒரு கோப்பு 10 எம்பி வரை ஏற்றலாம். போன் கேமரா படத்துக்கு அது தாராளம்.

34 பேருக்கும் கணக்கு தேவையில்லை, கொடுக்கவும் முடியாது. இலவச ஒர்க்ஸ்பேஸில் 10 பேர்தான். சூப்பர்வைசர்கள், ஸ்டோர், மெர்ச்சண்டைசர், நீங்கள். மெஷினில் உட்காருபவருக்குப் பலகை எதற்கு?

யாரும் திறக்காததற்கு இன்னொரு காரணமும் இருக்கும். '4471 எந்த நிலைமை?' என்று முதலாளியே குரூப்பில் கேட்டால், பலகையை யார் மதிப்பார்கள்? காலை 9.30க்கு சூப்பர்வைசர்களை நிற்க வைத்து, பலகையை வலமிருந்து இடமாகப் பத்து நிமிடம் படியுங்கள். அனுப்பப்போவது முதலில், புதியது கடைசியில். கேள்வி எதுவானாலும் கார்டின் கமென்ட்டில் கேளுங்கள்.

ராணிப்பேட்டை சிட்கோவில் ஃபேப்ரிகேஷன் வேலை. எம்எஸ் ப்ராஜெக்ட்டில் கான்ட் சார்ட் (எந்த வேலை எந்தத் தேதியில் என்று பட்டைகளாகக் காட்டும் அட்டவணை) போட்டுத் தந்தால்தான் பார்ட்டி ஆர்டரே தருகிறார்கள். போடுகிறோம். இரண்டாவது வாரமே சார்ட் ஒரு பக்கம், ஷெட் ஒரு பக்கம். சார்ட் வெறும் சம்பிரதாயம்தானா?

தேதிகளைக் கையால் தட்டிப் போட்டால் சம்பிரதாயம்தான். சார்ட்டில் நீங்கள் தர வேண்டியது இரண்டே விஷயம்: ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நாள், எது முடிந்தால் எது தொடங்கும். முதல் வேலையின் தேதியைத் தவிர மற்ற தேதிகளை மென்பொருளே கணக்குப் போடட்டும்.

எம்எஸ் ப்ராஜெக்ட்டில் ஒரு வேலையின் தொடக்கத் தேதியை நீங்கள் டைப் செய்தால், 'இந்தத் தேதிக்கு முன் தொடங்காதே' என்ற கட்டுப்பாடு சத்தமில்லாமல் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கட்டிங் இரண்டு நாள் முன்னதாகவே முடிந்தாலும், அடுத்த வேலையான ஃபிட்-அப் (வெட்டிய துண்டுகளைப் பொருத்துவது) நகராமல் அதே தேதியில் நிற்கும். வேலையை டபுள் கிளிக் செய்து, அட்வான்ஸ்டு பகுதியில் கன்ஸ்ட்ரெயின்ட் டைப்பை 'அஸ் சூன் அஸ் பாசிபிள்' என்று மாற்றுங்கள். உங்கள் சார்ட்டில் பாதிக் கோளாறு இதிலேயே தீரும் என்று நினைக்கிறோம்.

அடுத்தது காலண்டர். மென்பொருளில் முதலிலிருந்தே இருப்பது திங்கள் முதல் வெள்ளி வரையிலான வாரம். சிட்கோவில் சனிக்கிழமை ஷெட் பூட்டியா கிடக்கிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள்: மார்க்கிங்–கட்டிங் 3 நாள், ஃபிட்-அப் 4, வெல்டிங் 6, ரேடியோகிராபி (வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது) 2, பிளாஸ்டிங் (பெயின்ட்டுக்கு முன் துருவை அடித்து நீக்குவது) 1, பெயின்ட்டிங் 2. மொத்தம் 18 வேலை நாள். திங்கட்கிழமை தொடங்கினால், சனியும் வேலை என்ற கணக்கில் மூன்றாவது வாரச் சனிக்கிழமை முடியும். முதலிலிருந்த காலண்டரில் நான்காவது வாரப் புதன்கிழமைதான் முடியும். நாலு நாள் வித்தியாசம் வேலையால் வந்ததல்ல, காலண்டரால் வந்தது. 'சேஞ்ச் ஒர்க்கிங் டைம்' என்ற இடத்தில் சனியை வேலை நாளாக்கி, பொங்கல், ஆயுத பூஜை விடுமுறைகளையும் சேர்த்துவிடுங்கள். கூகுள் ஷீட்டில் செய்பவர்கள் ஒர்க்டே-இன்டில் ஃபங்ஷனில் வார விடுமுறைக் குறியீடாக 11 கொடுத்தால் ஞாயிறு மட்டும் விடுமுறையாகும்.

பெயின்ட் காயும் நேரத்தைத் தனி வேலையாகப் போடாமல், இரண்டு கோட்டுக்கும் நடுவில் 'லேக்' (காத்திருப்பு இடைவெளி) ஆகக் கொடுங்கள். அதையும் எலாப்ஸ்டு நாள் (விடுமுறையும் சேர்ந்த நாள்) கணக்கில் கொடுங்கள், ஏனென்றால் பெயின்ட் ஞாயிற்றுக்கிழமையும் காயும். எவ்வளவு நேரம் என்பது பெயின்ட் கம்பெனியின் டேட்டா ஷீட்டில் வெப்பநிலை வாரியாக இருக்கும். வேலூர்ப் பக்கத்து வெயிலை நம்பி நீங்களாகக் குறைக்காதீர்கள்.

இன்ஸ்பெக்ஷனைப் பூஜ்ய நாள் மைல்ஸ்டோனாக (நாளே எடுக்காத அடையாளப் புள்ளியாக) போடுவதும் வழக்கமான பிழை. இன்ஸ்பெக்டர் அழைத்த அன்றே வருவதில்லையே. 'இன்ஸ்பெக்ஷன் கால் கொடுத்தல்' என்று ஒரு தனி வரியைப் பொறுப்பாளர் பெயரோடு போட்டு, வெல்டிங் முடிய 3 நாள் இருக்கும்போதே தொடங்குமாறு இணையுங்கள். ரேடியோகிராபியில் ரிப்பேர் வரும், அது வராது என்று சார்ட் போடுவது ஆசை. அதற்கும் ஒரு வரி கொடுங்கள்.

ஒவ்வொருவரும் தன் வேலையில் இரண்டு நாளைப் பதுக்கி வைப்பார்கள். பதுக்கிய நாள் செலவாகிவிடும், மிஞ்சவே மிஞ்சாது. அவற்றைப் பிடுங்கி, கடைசியில் டிஸ்பாட்ச்சுக்கு முன் ஒரே பஃபராக (உபரி நாட்களாக) வையுங்கள். வேலை தொடங்குவதற்கு முன் ப்ராஜெக்ட் டேபில் 'செட் பேஸ்லைன்' கொடுத்துவிடுங்கள், முதலில் போட்ட தேதிகள் அப்படியே பதிவாகி நிற்கும். பார்ட்டியிடம் தாமதம் எங்கே வந்தது என்று காட்ட அது ஒன்றுதான் ஆதாரம்.

காட்பாடியில் இன்ஜினீயரிங் கடைசி வருடம் படிக்கிறோம், ப்ராஜெக்ட்டில் நாலு பேர். ரிப்போர்ட் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'உண்மையான ஃபைனல்' என்று போய்க்கொண்டிருக்கிறது. வழி சொல்லுங்கள்.

ஒரே கூகுள் டாக். கைடிடம் காட்டுவதற்கு முன் ஃபைல் மெனு, வெர்ஷன் ஹிஸ்டரி, 'நேம் கரன்ட் வெர்ஷன்' என்று போய் 'முதல் ரிவ்யூ' எனப் பெயர் கொடுங்கள். கோப்பு ஒன்றே இருக்கும், பழையது வேண்டுமென்றால் அங்கிருந்தே திரும்ப எடுக்கலாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தும்போது சஜஸ்டிங் மோடில் திருத்துங்கள், திருத்தம் ஏற்கும்வரை பரிந்துரையாகவே நிற்கும். 'யாராவது கிராஃபை மாத்துங்கப்பா' என்று எழுதினால் ஒருவரும் மாற்ற மாட்டார்கள். கமென்ட்டில் அட் குறி போட்டு நண்பரின் ஈமெயிலைச் சேர்த்து, கீழே வரும் 'அசைன்' கட்டத்தை டிக் செய்யுங்கள். அவர் முடித்ததாகக் குறிக்கும்வரை அது அவர் பெயரிலேயே நிற்கும்.

ரீடிங்குகள் ஷீட்டில் இருந்தால், சாதாரண ஃபில்டர் போடாதீர்கள், எல்லோருடைய திரையிலும் மாறிவிடும். டேட்டா மெனுவில் ஃபில்டர் வியூ போட்டால் உங்களுக்கு மட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். கோப்பு யாருடைய கணக்கில் உருவானதோ அவர்தான் அதன் ஓனர். கல்லூரி ஈமெயிலில் உருவாக்கியிருந்தால், படிப்பு முடிந்து அந்தக் கணக்கை நீக்கும்போது கோப்பும் போய்விடும். கல்லூரிக் கணக்கிலிருந்து சொந்த ஜிமெயிலுக்கு ஓனர்ஷிப்பை மாற்ற முடியாது. வைவா முடிந்த வாரமே 'மேக் எ காப்பி' எடுத்துச் சொந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். காப்பியில் பழைய வெர்ஷன்கள் வராது என்பதால், தேவையான வெர்ஷன்களைத் தனியாக டவுன்லோட் செய்துவிடுங்கள்.

சத்துவாச்சாரியில் வீட்டிலிருந்தபடி பெங்களூரு கம்பெனிக்கு அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். ஆபீஸ் செய்திகளுக்கான ஸ்லாக் ஆப் நாள் முழுக்க டிங் டிங் என்கிறது. மியூட் செய்தால் முக்கியமானது தவறிப்போகிறது.

மொத்தமாக மியூட் செய்யாதீர்கள். நோட்டிஃபிகேஷன் செட்டிங்கில், எல்லாச் செய்திகளும் என்பதை மாற்றி, நேரடிச் செய்தி, உங்களைக் குறிப்பிடுவது, கீவேர்டு இவற்றுக்கு மட்டும் என்று வையுங்கள். கீவேர்டில் 'ஜிஎஸ்டி', 'இன்வாய்ஸ்', நீங்கள் பார்க்கும் கிளையன்ட் பெயர்கள். பேச்சு மட்டுமே ஓடும் சேனல்களைத் தனித்தனியாக மியூட் செய்யலாம்.

சத்தத்தில் பாதி, அட் சேனல் போடுகிறவர்களால் வருவது. அது சேனலில் இருக்கும் அத்தனை பேருக்கும் மணி அடிக்கும். அட் ஹியர் அப்போது ஆன்லைனில் இருப்பவர்களுக்கு மட்டும். இந்த வித்தியாசத்தை உங்கள் மேனேஜரிடம் பக்குவமாகச் சொல்லிவையுங்கள். இன்னொன்று: கம்பெனி இலவசத் திட்டத்தில் இருந்தால் 90 நாளுக்கு முந்தைய செய்திகளைப் பார்க்க முடியாது. 'இந்தச் செலவுக்கு ஓகே' என்று யாராவது ஸ்லாக்கில் சொன்னால், அன்றே அதை ஈமெயிலில் உறுதி செய்து வாங்குங்கள். ஆடிட்டர் கேட்பது ஒரு வருடம் கழித்து.

ட்ரெல்லோவின் 10 பேர் வரம்பைத் தாண்ட, எல்லோரும் ஒரே லாகினைப் பயன்படுத்தினால் என்ன? – வாணியம்பாடி வாசகர்

கார்டை யார் நகர்த்தினார், தேதியை யார் மாற்றினார் என்று ஆக்டிவிட்டியில் பதிவாகும். ஒரே லாகின் என்றால் எல்லாம் ஒரே பெயரில் இருக்கும், தகராறு வரும் அன்று அது உதவாது. ஒருவர் வேலையை விட்டுப் போனால் எல்லோருக்கும் பாஸ்வேர்டு மாற்ற வேண்டும். மாற்றத்தான் வேண்டும், ஆனால் யாரும் மாற்றுவதில்லை. காசு கொடுக்க மனமில்லை என்றால் ஆட்களைக் குறையுங்கள்.

குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம். ட்ரெல்லோ, ஆசனா, ஸோஹோ ப்ராஜெக்ட்ஸ். எது நல்லது?

உங்கள் வேலைக்கு மூன்றுமே போதும். ஸோஹோ நம் ஊர்க் கம்பெனி, கணக்குக்கு ஏற்கெனவே ஸோஹோ புக்ஸ் வைத்திருந்தால் அதே குடும்பத்தில் இருப்பது வசதி. அது இல்லையென்றால் ஓடிக்கொண்டிருக்கும் நிஜ ஆர்டர் ஒன்றை எடுத்து, இரண்டு வாரம் ஒரே மென்பொருளில் ஓட்டிப் பாருங்கள். டெமோ டேட்டாவில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். கடையில் போன் மட்டுமே வைத்திருப்பவர் மூன்று தட்டலில் 'பாவு ஓடிடுச்சு' என்று பதிய முடிகிறதா என்று பாருங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் டேட்டாவை வெளியே எடுத்துப் பாருங்கள். ட்ரெல்லோ இலவசத் திட்டத்தில் ஜேசன் வடிவில்தான் கிடைக்கும், எக்செல்லில் திறக்கும் சிஎஸ்வி வேண்டுமென்றால் பிரீமியம் திட்டம் வாங்க வேண்டும். ஆள் கணக்கில் மாதக் கட்டணம் என்பதால், தறிக்காரர்களையும் உள்ளே சேர்க்கும் எண்ணம் இருந்தால் அந்தத் தலைகளையும் எண்ணிப் பெருக்கிக்கொள்ளுங்கள்.