120 ஆண்டுகள் ஆண்ட மன்னர்

கேள்வி: மணிப்பூரை ஆண்ட பாகங்பா என்ற மெய்தேய் மன்னர் 120 ஆண்டுகள் ஆட்சி செய்தாராமே, நிஜமா?

பதில்: அந்நாட்டு அரச வரலாறான செய்தரோல் கும்பாபா அப்படித்தான் சொல்கிறது. கி.பி. 33-இல் நோங்டா லைரென் பாகங்பா அரியணை ஏறினார், அவரிடமிருந்துதான் நிங்தௌஜா வம்சம் தொடங்குகிறது என்று அதில் இருக்கிறது. ஒரு மனிதர் 120 ஆண்டு ஆண்டிருக்க முடியாது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அதற்காக முழுவதையும் கட்டுக்கதை என்று தூக்கிப்போடவும் கூடாது. ஏனென்றால் மன்னர் கியாம்பா காலத்தில், 1485-இல்தான், ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மனிதரின் பெயரைச் சூட்டும் செய்தாபா முறை வந்தது. அந்த ஆண்டில் நாட்டுக்கு வரும் கெடுதலையெல்லாம் அவரே தன் தலையில் ஏற்றுக்கொள்ள வேண்டும், எவ்வளவு கனமான பொறுப்பு பாருங்கள்! ஆண்டுக்கணக்கு உறுதியாக நிற்பது அதற்குப் பிறகுதான். அதற்கு முந்தைய தேதிகளைப் பின்னால் வந்தவர்கள் கணக்குப் போட்டு எழுதியிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

பாகங்பாவின் அரசி பெயர் லைஸ்னா. தலைநகரம் இம்பால் ஆற்றங்கரையிலுள்ள காங்லா. அப்புறம், பாகங்பா என்பது மெய்தேய் மக்கள் வணங்கும் நாக வடிவத் தெய்வத்தின் பெயரும்கூட, அதனால் மன்னர் கதையும் சாமி கதையும் பிரிக்க முடியாதபடி கலந்து கிடக்கின்றன.

கேள்வி: காங்லா இன்னும் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, தாராளமாகப் போய்ப் பார்க்கலாம். 1891 போரில் ஆங்கிலேயர் பிடித்த கோட்டை அது, வாசலில் நின்ற காங்லா ஷா என்ற இரண்டு சிங்க வடிவக் காவல் சிலைகளையும் உடைத்துவிட்டார்கள். பிறகு அசாம் ரைபிள்ஸ் என்ற துணை ராணுவப் படையின் வசம் இருந்து, 2004-இல்தான் மாநில அரசின் கைக்கு வந்தது. சிலைகளை மறுபடி கட்டி நிறுத்தியிருக்கிறார்கள்.