குண்டு வெடித்த நேரமா, செய்தி வந்த நேரமா?

கேள்வி: 2005 ஜூலை 7 அன்று லண்டனில் நடந்த குண்டுவெடிப்பு பற்றிக் கல்லூரி இதழுக்கு எழுதுகிறேன். சுரங்க ரயில்களில் குண்டுகள் வெடித்த நேரம் ஓரிடத்தில் 8.51, 8.56, 9.17 என்று இருக்கிறது. வேறோரிடத்தில் மூன்றுமே 8.50. எதை எடுத்துக்கொள்வது? நான்காவது குண்டு பேருந்தில் வெடித்தது திட்டமிட்டதுதானா?

பதில்: 8.50 என்றே எழுதுங்கள். முதலில் வந்த மூன்று நேரங்களும் யாரும் இட்டுக்கட்டியவை அல்ல. அவை தகவல் மேலே வந்து சேர்ந்த நேரங்கள். சுரங்கத்துக்குள் நடந்தது வெளியே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. மின்கோளாறு என்றுதான் முதலில் நினைத்தார்கள். ரயில்கள் நிலையங்களுக்கு இடையில் நின்றுபோனதால், காயம்பட்டவர்கள் இரண்டு பக்கத்து நிலையங்கள் வழியாகவும் வெளியே வந்தார்கள். ஒரு வெடிப்பு இரண்டாக எண்ணப்பட்டதற்கு அதுவே காரணம். ரயில் நிர்வாகத்தின் தொழில்நுட்பப் பதிவுகளைப் பார்த்த பிறகு, ஜூலை 9 அன்று, மூன்றும் சுமார் 50 விநாடிகளுக்குள் வெடித்தன என்று போலீஸ் அறிவித்தது.

இந்தத் திருத்தம் நோக்கத்தைப் பற்றிய கணிப்பையும் மாற்றியது. 26 நிமிட இடைவெளி என்றால் ஒரே ஆள் இடம் மாறி மாறி வைத்தான் என்றுகூட வாதிடலாம். 50 விநாடி என்றால் முன்பே பேசி வைத்த நேரம். ஆனால் அதிலிருந்தே 'நேரக் கருவி பொருத்தியிருப்பார்கள்' என்ற ஊகமும் கிளம்பியது. அது நிலைக்கவில்லை. குண்டுகளைச் சுமந்தவர்களே அவற்றை வெடிக்கச் செய்து இறந்தார்கள் என்று விசாரணை காட்டியது.

பேருந்து விஷயத்தில் நிதானம் தேவை. நான்காமவரான ஹசீப் ஹுசைனுக்கு வயது 18. 8.55 வாக்கில் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து வெளியே வந்து, மற்ற மூவரையும் கைப்பேசியில் அழைத்திருக்கிறார். அவர்கள் அப்போது உயிரோடு இல்லை. திரும்ப உள்ளே போய் ஒரு கடையில் பேட்டரி வாங்கியதாகத் தெரிகிறது. பிறகு ஓர் உணவகத்தில் பத்து நிமிடம் இருந்துவிட்டுப் பேருந்து ஏறினார். 9.47க்கு டாவிஸ்டாக் சதுக்கத்தில் 30ஆம் எண் பேருந்தில் குண்டு வெடித்து 13 பேர் இறந்தார்கள். சாலைகள் அடைக்கப்பட்டிருந்ததால்தான் அந்தப் பேருந்து அந்த வழியே திருப்பிவிடப்பட்டது. ஆகவே சதுக்கம் அவர் குறித்து வைத்த இடமல்ல. குண்டு முதலில் வேலை செய்யாததால் பேருந்துக்கு மாறினார் என்பது வலுவான அனுமானம். அதை அனுமானம் என்று சொல்லியே எழுதுங்கள்.

குழுவின் நோக்கத்துக்கு வேறு சான்றுகள் இருக்கின்றன. அவர்களில் மூவர் ஜூன் 28 அன்றே லண்டனுக்கு வந்து ஒத்திகை பார்த்தார்கள். தலைவனாக இருந்த முகமது சித்திக் கான் முன்கூட்டியே பதிவு செய்த வீடியோ, செப்டம்பர் 1 அன்று அல் ஜசீராவில் வெளியானது.

அரசு அறிக்கை என்பதற்காகவே எந்த நேரத்தையும் நம்பிவிடாதீர்கள். 2006 மே மாத அறிக்கை, அவர்கள் லண்டனுக்கு வடக்கே உள்ள லூட்டன் நகரில் 7.40 ரயிலில் ஏறியதாகச் சொன்னது. அன்று அந்த ரயில் ஓடவே இல்லை. அவர்கள் வந்தது 7.25 ரயிலில் என்று உள்துறை அமைச்சர் ஜான் ரீட் அதே ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில் திருத்தினார். அந்தக் கால்மணி நேரப் பிழையைப் பிடித்துக்கொண்டு 'எல்லாமே நாடகம்' என்று பேசியவர்கள் உண்டு. 52 பேரைப் பறிகொடுத்த குடும்பங்கள் அதையும் கேட்க வேண்டியிருந்தது. எனவே ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில், அது கேமரா காட்டியதா, தொலைபேசிப் பதிவா, மனிதர் சொன்னதா, எந்தத் தேதியில் வெளியானது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த ரயிலுக்கு 7.25 என்றே போடுங்கள், 7.40 இன்னும் பல இடங்களில் திருத்தப்படாமல் கிடக்கிறது.